வெப்சைட் திறப்பு விழாவும் ஒரு ராட்சச மூக்கும்

கம்ப்யூட்டர் படித்த பெண்ணைப் பனியன் கம்பெனிக் குடும்பம் மருமகளாக எடுத்தால், அந்த வீட்டில் கரண்ட் பாயும் அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. எனக்கும் அப்படித்தான் ஆனது. கல்யாணமான புதிதில் டிவி ரிமோட்டில் ஆரம்பித்து, வாட்டர் ஹீட்டர், சிசிடிவி, மாமாவின் காது மெஷின் வரைக்கும் என்னிடம் வந்து சேர்ந்தன. எதற்கும் நான் தெரியாது என்று சொன்னதே கிடையாது. (தெரியுமா என்பது வேறு விஷயம்.)

அதனால் அத்தை, "ரம்யாக் கண்ணு, நம்ம கம்பெனிக்கு ஒரு வெப்சைட் வேணும்" என்றபோது, இன்டர்நெட்டையே நான்தான் இழுத்துக் கட்டினேன் என்பது மாதிரி, "அதுக்கென்னங்க அத்தை, ஒரே வாரம்" என்றேன்.

அத்தை சாதாரண ஆள் இல்லை. சேவூர் ரோட்டில் கைக்குழந்தைகளுக்கான துணி தைக்கும் கம்பெனியை நடத்துகிறவர். அதுவரை மற்ற எக்ஸ்போர்ட்காரர்களுக்குத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் பெயரில் நேராக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஹெல்கா என்று, மொத்தமாகத் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் அத்தையின் சாம்பிள்களைப் பார்த்துவிட்டு, கம்பெனியை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அத்தையின் முதல் சொந்த ஆர்டர் அந்த அம்மாள் கையில் இருந்தது.

வெப்சைட் நன்றாகவே வந்திருந்தது. (இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லவில்லை.) முகப்பில் மஞ்சள் ஜப்லா போட்ட ஒரு குழந்தை, அழகான வட்டத்துக்குள் சிரிக்கும். அது அத்தையின் அண்ணன் பேரன். போட்டோ எடுத்த அன்று பயலுக்குச் சளி. வட்டத்துக்குள் சின்னதாக வைத்தபோது அது ஒன்றும் தெரியவில்லை.

பார்த்துவிட்டு அத்தை சொன்னார்: "அந்தம்மா வர்ற அன்னைக்கே தொறப்பு விழா வெச்சுரலாம்."

"வெப்சைட்டுக்கெல்லாம் யாரும் விழா வெக்க மாட்டாங்க அத்தை."

"அப்ப நாம வெப்போம்."

லிங்க்கை ஹெல்காவுக்கு மட்டும் முன்பே அனுப்பியிருந்தேன். விழா அன்று காலையில் அவரிடமிருந்து மெயில். சைஸ் சார்ட் பிடிஎஃப்பைத் தொட்டால் பிரவுசருக்குள்ளேயே விரிகிறதாம். தன் கம்ப்யூட்டரில் இறங்கிக்கொண்டால் வசதியாக இருக்கும் என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

இங்கே மைம் டைப் என்ற சங்கதியைச் சொல்லியாக வேண்டும். சர்வர் எந்த ஃபைலை அனுப்பினாலும், கூடவே அது என்ன என்று பிரவுசரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும். இது பக்கம், இது போட்டோ, இது பிடிஎஃப் என்று. அதை நம்பித்தான் பிரவுசர் அதைக் காட்டுவதா, ஓட்டுவதா, எடுத்து வைத்துக்கொள்வதா என்று முடிவு பண்ணும். application/octet-stream என்று சொல்லிவிட்டால், 'ஏதோ ஒரு சாமான், கேள்வி கேக்காதே' என்று அர்த்தம். பிரவுசரும் கேட்காது. பிரித்துப் பார்க்காமல் இறக்கி வைத்துவிடும்.

ஆக, பிடிஎஃப்பை 'ஏதோ ஒரு சாமான்' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது! ஒரே வரி. எழுதினேன். பிடிஎஃப்புக்கு மட்டும் என்று எழுத வேண்டியதை, மொத்த வெப்சைட்டுக்கும் எழுதிவிட்டேன். என் பிரவுசரில் முகப்பு ஏற்கெனவே திறந்திருந்தது; அதிலிருந்தே பிடிஎஃப்பைத் தொட்டேன், இறங்கியது. கில்லாடிடி நீ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பட்டுச்சேலை கட்டப் போய்விட்டேன்.

கட்டிங் ஹாலில் நீள மேசை. அதன்மேல் மல்லிகைச் சரம் சுற்றிய லேப்டாப். (அத்தை அதற்குக் குங்குமமும் வைத்திருந்தார், அதன்பின் டச்பேட் பழைய டச்பேடாக இல்லை.) பக்கத்தில் பெரிய டிவி. எதிரில் ஒரு வேன் நிறைய வந்திறங்கிய சொந்தக்காரர்கள். நடுவில் சந்தனப் பொட்டும் மாலையுமாக ஹெல்கா. சிறப்பு விருந்தினர், குன்னத்தூரிலிருந்து வந்திருந்த அத்தையின் அண்ணன். எனக்குப் பெரியப்பா முறை. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, சாமி கும்பிட்டு, என்டரை அமுக்கினார்.

வெள்ளைத் திரை. மூலையில் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி.

"தொறந்திருச்சா கண்ணு?"

"வருதுங்க பெரியப்பா, நெட்டு கொஞ்சம் ஸ்லோ."

அவர் மறுபடி அமுக்கினார். இன்னொரு அம்பு. மனிதர் மில் சுவிட்சை அமுக்குகிற வேகத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தார். அப்போது என் வீட்டுக்காரர் பிரபு எனக்கு உதவி செய்ய முடிவு செய்தார். மைக்கைப் பிடித்து, "எல்லாரும் அவிங்கவிங்க செல்லுல போட்டுப் பாருங்க" என்றார்.

ஹால் முழுக்க டிங், டிங், டிங்.

"ஏனுங்க, எனக்கு ஏதோ எறங்குதுங்க!"

"எனக்கு எறங்கியே போச்சு."

"எறங்குனது தொறக்க மாட்டேங்குதே?"

ஒரு சித்தி எழுந்தே நின்றுவிட்டார். "வைரஸா கண்ணு? என்ற பேங்க் ஆப்பு இதுலதான் இருக்குது!" என்று செல்லை அணைத்து முந்தானையில் முடிந்துகொண்டார். ஹெல்கா மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார். இது ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகப்புப் பக்கத்தையே 'ஏதோ ஒரு சாமான்' ஆக்கிவிட்டேன்! லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். அந்த வரியை அழித்திருந்தால் போதும். நான் அழிக்கவில்லை, திருத்தினேன். பக்கம்தானே தெரிய வேண்டும்? எல்லாமே பக்கம், text/html, என்று மாற்றி எழுதி, நிமிர்ந்து நின்று, "இப்ப அமுக்குங்க பெரியப்பா" என்றேன்.

அமுக்கினார். பக்கம் வந்தது. கைதட்டல் எழுந்து, பாதியில் நின்றது.

வெப்சைட்டின் நிறம், எழுத்து, அளவு எல்லாவற்றையும் சொல்வது ஸ்டைல் ஃபைல். அதையும் நான் 'பக்கம்' என்று சொல்லி அனுப்பியதால், பிரவுசர் அதை ஏற்க மறுத்துவிட்டது. வட்டம் போச்சு, அலங்காரம் போச்சு. போட்டோவை மட்டும், நான் என்ன சொன்னாலும், பிரவுசர் தானே அடையாளம் கண்டுகொள்ளும்; அது கேமராவில் எடுத்த முழு அளவில் வந்து நின்றது. டிவி முழுக்க ஒரே ஒரு கறுப்புப் பள்ளம். ஓரத்தில் ஏதோ பளபளத்தது.

"இதென்ன கண்ணு, கெணறா?" என்றார் பெரியப்பா.

"மூக்குங்க பெரியப்பா."

"யாரு மூக்கு?"

"உங்க பேரனதுதானுங்க."

மூக்கை மறைக்கும் அவசரத்தில் திரையைக் கீழே இழுத்தேன். அதற்கு மூக்கே தேவலை. ஜப்லாவின் கழுத்துப்பட்டி வந்தது. அதில் ஓரிடத்தில் தையல் விட்டுப்போய், நூல் தேர்வடம் மாதிரி தொங்கியது. வந்திருந்த அத்தனை பேரும் வாழ்நாளில் எப்போதாவது, தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் டேபிளில் நின்றவர்கள். ஒரே நேரத்தில் எல்லார் கண்ணும் அங்கே போனது. ஹெல்கா எழுந்து டிவி அருகில் போய், அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ஸ்கிப் ஸ்டிச்?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அத்தையின் இத்தனை வருட ஆசையை ஒரே வரியில் காலி பண்ணிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அத்தை மெதுவாக முன்னே வந்தார். "பிரபு, அவிங்களுக்குச் சொல்லு. ஊருல எல்லாரும் தப்ப மறைப்பாங்க. நாங்க அதை டிவில போட்டே காட்டறமுன்னு சொல்லு."

பிரபு சொன்னார். ஹெல்கா ஒரு கணம் விழித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

"இது மொதோ சாம்பிளு. இப்ப தைக்கறத வந்து பாக்கச் சொல்லு. ஒண்ணுல தையல் விட்டிருந்தாலும் ஆர்டர் வேண்டாமுன்னு சொல்லு." அத்தை ஒரு கட்டு ஜப்லாவைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஹெல்கா ஒவ்வொன்றாகப் புரட்டி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அளவைச் சரிபார்க்கலாம் என்று லேப்டாப்பில் சைஸ் சார்ட்டைத் தொட்டார். பிடிஎஃப்பும் 'பக்கம்' ஆகியிருந்ததே! உலகத்தில் உள்ள கோணல் மாணல் எழுத்தெல்லாம் டிவியில் கொட்டியது.

"இது எந்த ஊரு பாஷை கண்ணு?" என்றார் அத்தை.

"பிடிஎஃப் பாஷைங்க அத்தை" என்றேன், முடிந்தவரை கௌரவமாக.

அத்தை இஞ்சு டேப்பை எடுத்து ஹெல்காவின் கையில் கொடுத்துவிட்டார்.

பந்தி போட்டதும் நான் லேப்டாப்போடு ஆபீஸ் ரூமுக்குள் போனேன். அந்த வரியை அழித்தேன். அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது. எது ஸ்டைல், எது போட்டோ என்று சர்வருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நடுவில் போய்க் குழப்பியது நான். பிடிஎஃப்பைப் பிடிஎஃப் என்றே சொல்லிவிட்டு, 'இதை மட்டும் இறக்கி வை' என்று தனியாக ஒரு குறிப்புக் கொடுத்தேன். முறையான வழி அதுதான். ரசம் வருவதற்குள் முடித்துவிட்டேன். ஆனால் அதற்குள் யாருக்கும் வெப்சைட் மேல் அக்கறை இல்லை. பாயசத்தின் மேல்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஹெல்காவிடமிருந்து ட்ரையல் ஆர்டர் வந்தது. வெப்சைட் அருமை என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். (ரொம்ப நல்ல மனுஷி.)

இன்றைக்கு இந்தப் பக்கத்தில் பல கம்பெனி வெப்சைட்டுகள் என் கைவேலைதான். மைம் டைப்பைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எங்கள் செக்கிங் டேபிளில், துணியை நன்றாக விரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டுமென்றால் அத்தை இன்னும், "மருமக சைஸுல பாருங்க" என்றுதான் சொல்கிறார். வேலைக்குப் புதிதாக வந்த வடக்கத்திப் பெண்கள்கூட, காரணம் தெரியாமலே, 'மருமக சைஸ்' என்கிறார்கள்.

பெரியப்பா விஷயம் இன்னும் மோசம். போன வாரம் வந்தவருக்கு, எள்ளுருண்டை டப்பாவை நீட்டினேன். வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்கண்ணு, இது இங்கயே தொறக்குமா, ஊட்டுக்குக் கொண்டுபோயித்தான் தொறக்கோணுமா?"

முதலில் சிரித்தது அத்தைதான். "இங்கயே தொறக்குமுங்க பெரியப்பா" என்று நம்பிக்கையோடு டப்பாவை வாங்கினேன்.

மூடி அசையவே இல்லை.