செம்புள்ளியில் கிடைத்த கல்

ஒரு காட்டில் மாரப்பன் என்றோர் அழுங்கு இருந்தான். தரையைத் தோண்டி எறும்பு தின்பது அவன் பிழைப்பு. அந்தக் காட்டில் ரத்தினக்கல் கிடைக்கும் இடங்களுக்கெல்லாம் செம்புள்ளி வைத்து, கழுகார் ஒரு வரைபடம் வரைந்து வைத்திருந்தார். அதை நம்பி மாரப்பன் மொட்டைப்பாறைச் செம்புள்ளியில் நாற்பது நாள் தோண்டினான். எறும்புகூட அகப்படவில்லை.

நகம் தேய்ந்து வீடு திரும்பியவன், நிறைமாதமாக இருந்த மனைவி குப்பாத்தாளுக்காக வளையைக் கொஞ்சம் அகலப்படுத்தினான். மண்ணோடு சிவப்பாக ஒன்று உருண்டு வந்தது. கொட்டைப்பாக்கு அளவு மாணிக்கம்.

பதிவு செய்யாத கல்லை வைத்திருந்தால் அங்கே திருட்டு வழக்கு. வளைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். மாரப்பன் உடனே கனிம அலுவலகத்துக்குப் போய், ஏழு ஆமைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் உடும்பு அதிகாரி கல்லைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், கடைசியில் வரைபடத்தைப் பார்த்தார்.

"உன் வளை இருக்கற இடத்துல புள்ளியே இல்லையேப்பா."

"கல்லு கையில இருக்குதுங்களே."

"அங்க கல்லே கிடையாது. அப்ப இது யாரோடதோ."

மாரப்பனின் வளைக்குச் சீல் விழுந்துவிட்டால், பிள்ளை பிறக்கிற நேரத்தில் குப்பாத்தாளை எங்கே கொண்டுபோய் வைப்பான்? கழுகாரிடம் சொல்லி ஒரு புள்ளி சேர்க்க முடியுமா என்று கெஞ்சினான். கண்ணில் புரை விழுந்து அவர் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது என்றார் அதிகாரி.

மாரப்பன் யோசித்தான். "தப்பாச் சொல்லிட்டனுங்க. மொட்டைப்பாறையில எடுத்ததுங்க."

"அப்படீன்னா நாளைக்கு என் முன்னால எடுத்துக் காட்டு."

மறுநாள் மாரப்பன் மொட்டைப்பாறையில் கல்லைப் புதைக்கும்வரை அதிகாரி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி நின்றார். தோண்டி எடுத்ததும் படிவத்தில் முத்திரை விழுந்தது. வரைபடம் என்றைக்கும் பொய் சொல்லாது என்று அவனுக்குப் புத்தியும் சொன்னார்.

சேதி பரவி, காடே மொட்டைப்பாறையில் திரண்டது. பன்றியும் முயலும் முள்ளம்பன்றியும் இன்றுவரை அங்கே தோண்டுகின்றன. ஒன்றும் கிடைக்காதவர்களை, வரைபடம் பார்க்கத் தெரியாத கூட்டம் என்று அதிகாரி திட்டுகிறார். மாரப்பனோ மாதம் ஒரு கல்லை வளைக்குள் எடுத்து, மொட்டைப்பாறைக்குப் போய்க் கண்டுபிடித்துவிட்டு வருகிறான். தோண்டத் தோண்ட வளையும் பெரிதாகி, குப்பாத்தாள் இப்போது குழந்தையோடு மூன்று அறைகளில் புழங்குகிறாள்.

நீதி: உண்மையை எங்கே வேண்டுமானாலும் கண்டெடுக்கலாம், ஆனால் அரசாங்கம் புள்ளி வைத்த இடத்தில் புதைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.