உலகக் கோர்ட்டும் என் மகன் ஸ்பீருவும்

துனிஸ், 1922 நவம்பர்

மால்டாவில் மரியாதையோடு வாழும் அத்தான் நாஸரேனு அவர்களுக்கு, குதிரைவண்டிக்கார மைத்துனன் வென்ஸு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்களும் குதிரையும் சுகம். தாங்களும் அக்காவும் ஆடுகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

அத்தான், ஸ்பீருவைப் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் துனிஸில் பிறந்தவன், அவனும் இங்கேயே பிறந்தவன், ஆகவே அவன் பிரெஞ்சுக்காரனாம், இந்த ஊரைக் கையில் வைத்திருக்கும் பிரெஞ்சு சர்க்காரின் புதுச் சட்டமாம். மால்டாக்காரன் இங்கிலாந்து ராஜாவின் பிரஜையாயிற்றே என்று பிரிட்டிஷ் கான்சல் ஆபீசுக்கு ஓடினேன். குமாஸ்தா, "விஷயம் ஹேக் நகரத்து உலகக் கோர்ட்டுக்கே போயிருக்குய்யா" என்றான். "என் பையன் எந்த நாட்டான்னு சொல்லிடுவாங்களா?" "அதெல்லாம் அப்புறம். இது பிரான்சோட வீட்டு விவகாரமா, வெளியாள் வாய் தொறக்கலாமா கூடாதான்னுதான் முதல்ல அபிப்பிராயம் சொல்லுவாங்க." பேசலாமா என்று பேசுவதற்கே நீதிபதிகள் அங்கி மாட்டிக்கொண்டு உட்காருவார்களாம்! இந்த ஊருக்கென்று 'பே' என்ற பட்டத்தோடு ஒரு அரசர் இருக்கிறார், அவரிடம் எவனும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

சும்மா இருக்க முடியுமா, பட்டாள ஆபீசுக்கும் போனேன். முதல் பிறந்தநாளில் குழந்தை முன்னால் பல சாமான்களைத் தட்டில் வைப்போமே, எதை எடுக்கிறதோ அதுதான் அதன் தொழில் என்று, அதை மீசைக்கார அதிகாரியிடம் விளக்கினேன். எம் பையன் ஜெபமாலையத் தொடலை, பேனாவத் தொடலை, தவழ்ந்து வந்து சாட்டையத்தான் எடுத்தான், சாமியாரே சாட்சி, அவன் வண்டிக்காரன்னு அன்னைக்கே முடிவாயிடுச்சு, இதுல எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லைன்னேன். "தட்டுல துப்பாக்கி வெச்சியா?" என்றான். "இல்லீங்க." "அப்ப அது செல்லாது, போ." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது அத்தான். ஒரே பிள்ளை.

அக்காவை மாதாவுக்குப் பெரிய மெழுகுவர்த்தியாக ஏற்றச் சொல்லுங்கள். கோர்ட்டுக்கு வாய் திறக்கும் அதிகாரம் உண்டு என்று அபிப்பிராயம் வர வேண்டும். அதுவரை ஸ்பீருவை வெளியே விடப்போவதில்லை.

உங்கள் மூட்டுவலி குறைந்து, ஆடுகள் பெருகட்டும்.

அன்பு மாறாத
வென்ஸு

பி.கு.: உறையை ஒட்டும்போது ஸ்பீரு பட்டாளத் தொப்பியோடு வந்து நிற்கிறான். தானாகவே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். "உன் விஷயமா உலகக் கோர்ட்டே கூடுதுடா!" என்று கத்தினேன். "சாட்டைய நீங்களே வெச்சுக்குங்கப்பா. அங்க மோட்டார் லாரி ஓட்டக் கத்துத் தராங்க. எங்கிட்ட எவனாச்சும் கேட்டானா? நீங்களாச்சும் கேட்டீங்களா?" என்றான். நான் கேட்கவில்லை, அத்தான். அக்காவிடம் சொல்லுங்கள், மெழுகுவர்த்தி எரியட்டும். வேண்டுதலை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்: எங்கேயும் சண்டை வராமல் இருக்க வேண்டும்.