இடிமார்பனுக்கு ஆறு சிறகு

ஒரு காட்டில் படக்கதை வரைகிற முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. முள்ளம்பன்றி எங்காவது படம் வரையுமா என்று கேட்காதீர்கள். முதுகு முழுக்கப் பேனா வைத்திருக்கிற பிராணி வேறு என்னதான் செய்யும்? அதன் பெயர் முள்ளாண்டி.

அது வரைந்த தொடர் 'இடிமார்பன்'. வானுலகத்திலிருந்து கீழே தள்ளப்பட்ட ஒரு தேவதூதனின் கதை. முதலில் அவனுக்கு இரண்டு சிறகும் சோகமான ஒரு முகமும்தான் இருந்தன. ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாமி சம்பந்தமாக யார் எதை வரைந்தாலும் எல்லா இனத்துப் பெரியவர்களிடமும் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். தங்கள் ஆதிதேவனின் தந்தம் இல்லாமல் எவனும் வானத்திலிருந்து விழ முடியாது என்றன யானைகள். மீன்கள் செதில் கேட்டன. வௌவால்கள் ஆளையே தலைகீழாகப் போடச் சொன்னன. பெருச்சாளிகளின் புராணப்படி சொர்க்கம் இருப்பதே மண்ணுக்கு அடியில். "கீழ விழுறவனுக்கு எதுக்குய்யா அழுமூஞ்சி? புண்ணியம் பண்ணியிருக்கான், விழுறான்!" என்று அவை சண்டைக்கு வந்தன.

முள்ளாண்டி யாரையும் பகைத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. இடிமார்பனுக்கு ஆறு சிறகு, இரண்டு தந்தம், செதில் வைத்த வால், கையில் மின்னல் கோடரி என்று ஆகிவிட்டது. தொடர் பிய்த்துக்கொண்டு போனது.

முள்ளாண்டி வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த ஒரு நாளில், மேலேயிருந்து நிஜமாகவே ஒரு தேவதூதர் புதருக்குள் விழுந்தார். பெயர் தென்றலன். விழுந்தவர் மேலே திரும்ப ஒரே வழிதான். பொழுது சாய்வதற்குள் யாராவது அவர் முகத்தைப் பார்த்து, "நீங்கள் மேலேயிருந்து வந்தவர்தான்" என்று மனதாரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சிறகு உதிர்ந்துவிடும், காலம் முழுக்கக் காடுதான். தேவதூதர் விஷயமெல்லாம் முள்ளாண்டிக்குத்தான் தெரியும் என்று யாரோ சொல்ல, பாவம், போய் வரிசையில் நின்றார்.

முன்னால் நின்ற பெண் குரங்கு திரும்பிப் பார்த்தது. "இடிமார்பன் வேஷமா? ரெண்டே சிறகுதான் இருக்கு?"

"எனக்கு ரெண்டுதாங்க. நான் நிஜமாவே விழுந்தவன்."

"தந்தம் எங்க?"

"இல்லைங்க."

"பேரு?"

"தென்றலன்."

"இடிமார்பன்னு சொல்லிப் பாரு, நெஞ்சு அதிரும். உன் பேரைக் கேட்டா கொட்டாவி வருது." பின்னால் நின்ற பெருச்சாளி இன்னும் கறாரானது. "சொர்க்கத்துக்கு வந்துட்டு மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கான்? இவன் போலி!"

நல்ல வேளையாகப் பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்பே அவர் முறை வந்தது. முள்ளாண்டி நிமிர்ந்து பார்த்தது. பேனா கையிலிருந்து நழுவியது. பெரியவர்கள் கைவைப்பதற்கு முன் அது முதன்முதலில் வரைந்த அதே சோகமான முகம்.

"எப்படிங்க விழுந்தீங்க? சண்டையா?"

"இல்லைங்க. காவலுக்கு நின்னேன். கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு தூங்கிட்டேன்."

"சதி ஏதாவது?"

"பக்கத்துல நின்னவர் எழுப்பியிருக்கலாம். அதைப் போய்ச் சதின்னு சொல்ல முடியுமா?"

பதிப்பாளர் கீரி முள்ளாண்டியின் காதில் குனிந்தது. "அண்ணே, வாயத் திறந்துறாதீங்க. தூங்கி விழுந்தவன் கதையை எவன் படிப்பான்?" அப்படியே தென்றலனைச் சமாளிக்கப் புதிய இதழ் ஒன்றை அவர் கையில் திணித்தது. இடிமார்பன் ஒரு வேரைப் பிடித்துத் தொங்குவதோடு 'தொடரும்' போட்டிருந்த இதழ் அது. "படிச்சுட்டு இருங்க சார், அண்ணன் யோசிக்கிறார்."

வெயில் மரத்தடியை விட்டு நகர்ந்தது. தென்றலனின் சிறகிலிருந்து ஒரு இறகு உதிர்ந்தது. முள்ளாண்டி தன் தொடர், தன் பெயர் எல்லாம் போனாலும் போகட்டும் என்று எழுந்து நின்று, "நீங்க மேலேருந்து வந்தவர்தாங்க!" என்று கத்திவிட்டது.

வானம் திறந்தது. தென்றலன் கையில் இதழோடு, கண்ணை அதிலிருந்து எடுக்காமலேயே மேலே போனார். கூட்டம் வாய் பிளந்தது. முதலில் சுதாரித்தது பெண் குரங்குதான். "இது எந்த இதழ்லயும் வரலையே! அப்ப நாம இவ்வளவு நாளா படிச்சது பொய்யா?"

மறுநாள் வாசகர் என்று ஒரு ஈ கூட வரவில்லை. கீரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. முள்ளாண்டி மட்டும் பழக்க தோஷத்தில் அடுத்த இதழை வரைந்துகொண்டிருந்தது.

அப்போது அதே புதருக்குள் தொப்பென்று ஒரு சத்தம். உடம்பெல்லாம் முள்ளோடு தென்றலன் எழுந்து வந்தார்.

"மறுபடியும் தூங்கிட்டீங்களா?" முள்ளாண்டி பதறியது.

"இல்லைங்க. நீங்க வரையறதை எட்டிப் பார்த்தேன். எழுத்து பொடிசா இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் எட்டிட்டேன்." மூச்சு வாங்கினார். "இடிமார்பன் பிடிச்சுத் தொங்கினானே, அந்த வேர் அறுந்துச்சா, இல்லையா?"

"அது கிடக்கட்டும். பொழுது சாயப் போகுது. நீங்க மேலேருந்து வந்த..."

தென்றலன் பாய்ந்து அதன் வாயைப் பொத்தினார். இரண்டு இறகு உதிர்ந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

"வேர்!" என்றார்.

கீரி துள்ளி எழுந்தது. "சொல்லிறாதீங்கண்ணே! அடுத்த இதழ்ல பார்த்துக்கட்டும்!"

நீதி: உண்மையைச் சொன்னால் ஒருவரைச் சொர்க்கத்துக்கே அனுப்பலாம். கதையைப் பாதியில் நிறுத்தினால் அவரே திரும்பி வந்துவிடுவார்.