படிக்காரர் விலை கேட்காத நாள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கலியாணமான ஆறாம் மாதம், வீட்டுச் சாப்பாட்டுச் செலவைப் பாதியாக்கிக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சவால் விட்டேன். அதுவரை நான் சமையலறைக்குள் நுழைந்தது தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமே. அந்தத் துணிச்சலை எனக்குக் கொடுத்தவர் படிக்காரர்.

சேலம் ஜில்லாவில் அவரைப் போல மலிவு தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. அவரைப் போல அடிக்கடி வெறும் பையோடு வீடு திரும்பியவரும் கிடையாது. அம்மாபேட்டையில் எங்களுக்கு எதிர்வீடு. நூல் தரகர். தரகுக்காக எடப்பாடி, ராசிபுரம் என்று சுற்றுவதால் எந்தச் சந்தையில் எது என்ன விலை என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படியின் அளவு மாறும். அதனால் யாரையும் நம்பாமல் சொந்தமாக ஒரு பித்தளைப் படியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். கலியாணப் பந்தியில் ஒருமுறை பாயசத்தை அதில் ஊற்றச் சொன்னதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன்.

அவர் யோசனைப்படி எங்கள் வீட்டில் எடப்பாடியில் பருப்பு மலியும் வரை வெறும் ரசம். புதுச்சத்திரத்தில் புளி இறங்கும் வரை ரசமும் இல்லை. இந்தப் பெருமையில் தெருமுனை மளிகைக்காரரிடம், "இனிமேல் உம்ம கடைப் படியை மிதிக்க மாட்டேன்" என்று வேறு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மூன்றே வாரத்தில் செய்தி ராசிபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தறி வைத்திருந்த என் மாமனார் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: "ஞாயித்துக்கெழம மத்தியானச் சோத்துக்கு வாரேன். எம்பொண்ணு வவுறு நெறையத் திங்கறாளான்னு பாக்கோணும். இல்லீன்னா கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன்."

"தெருமுனைக் கடையில வாங்கியாந்தாப் போதுமுங்க" என்றாள் மனைவி.

நான் கேட்பேனா? சனிக்கிழமை காலை படிக்காரரோடு பஸ் ஏறி, புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு சந்தைக்குப் போனேன்.

முதல் கடையில் ரூபாய்க்கு ஏழு படி அரிசி. ஆனால் தலைதட்டி அளந்தார்கள். இரண்டாவது கடையில் ஆறேகால். ஆனால் படிமேல் கும்பமாகக் குவித்து அளந்தார்கள். மூன்றாவதில் ஆறரை, கும்பமும் உண்டு. ஆனால் படியைப் பார்த்தாலே சின்னதாகத் தெரிந்தது. படிக்காரர் பித்தளைப் படியை வெளியே எடுத்தார்.

"ஏனுங்கம்மா, உங்க படி எம்படியில முக்காலே மூணு வீசந்தானுங்களே வருது?"

"ஏஞ்சாமி, அரிசி வாங்க வந்தீங்களா, எம்படிக்கு ஜாதகம் பாக்க வந்தீங்களா?" என்றாள் கடைக்காரம்மாள்.

படிக்காரர் அசரவில்லை. "கும்பத்துல அரைக்கால் ஏறுதுங்க. ஆனாப் புது அரிசி, சோறு காணாது. அதுக்கு அரைக்கால் தள்ளோணும். பஸ் சார்ஜையும் பிரிச்சுப் போட்டா..."

"அப்ப எதுங்கண்ணா மலிவு?"

"முதக் கடைதானுங்க தம்பி."

முதல் கடைக்கு நடந்தோம். நடக்கிறபோதே கணக்கு புரண்டு இரண்டாவது கடை மலிவாகிவிட்டது. அங்கே போனதும் மூன்றாவது. மூன்றாவது சுற்றில் நான் வாங்க வந்தவனா விற்க வந்தவனா என்பதே எனக்கு மறந்துபோயிற்று. யாரோ ஓர் அம்மாள் என்னிடம் மிளகாய் என்ன விலை என்று கேட்டாள், நானும் சொன்னேன். பேரம் பேசினாள், குறைத்தும் கொடுத்தேன்.

நான்காவது சுற்றில் எங்களைக் கண்டதும் கடைக்காரம்மாள் அரிசியை முறத்தால் மூடினாள். "சும்மாக் கேக்கறவங்களுக்குக்கூடக் குடுப்பேன். உங்களுக்கு மட்டும் அளக்க மாட்டேனுங்க!"

பொழுது சாய்ந்து சந்தை கலைந்தது. நாங்கள் வாங்கியது ஒரு காலிச் சாக்கு. அது நிஜமாகவே மலிவு.

மனைவி சாக்குக்குள் எட்டிப் பார்த்தாள். டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்து, புடவைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் படிக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் உதடுகள் எந்தக் கணக்கையும் முணுமுணுக்கவில்லை.

மறுநாள் காலை மானத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினேன். வாசலில் படிக்காரர். தோளில் மூட்டை, கையில் நெய்ச்சட்டி, பருப்பு, புளி, வெல்லம்.

"எட்டுப் படி அரிசி இருக்குதுங்க தம்பி. தெருமொனக் கடைதான்."

"என்ன விலைங்கண்ணா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்கலீங்க."

மாமனார் மூன்று முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். மகளும் அப்படியே சாப்பிடுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். கூடத்தில் கிடந்த பெட்டியை அவரே காலால் உள்ளே தள்ளிவிட்டு ராசிபுரம் பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் என் பையை உதறினேன். உள்ளே பித்தளைப் படி. சந்தை கலைந்த அலுப்பில் அவர் அதைத் தம் பைக்குப் பதில் என் பையில் போட்டு மறந்துவிட்டிருந்தார். படியே இல்லாமல்தான் காலையில் கடைக்குப் போயிருக்கிறார்! அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று மனைவியிடம் போனேன்.

"அத நான் காத்தாலயே பாத்துட்டேனுங்க" என்றாள் அவள். "அந்தப் படியிலயே அளந்தும் பாத்தேன். எட்டுக்கு அரைப்படி கொறையுது. பாவம், அந்த மனுசங்கிட்டச் சொல்லிராதீங்க."