மகாராணி இளைத்த கதை

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. அரைக்கதவுக்கு மேலாக இருட்டுக்குள் கையை நீட்டி, மகாராணியின் நெற்றியைத் தொட்டு, லாயக்காரர் சத்தியம் செய்து சொன்னது. கேட்டவர், அன்றுதான் புதிதாகப் புல் கொண்டுவந்த வண்டிக்காரர்.

மகாராணி சிவப்புக் குதிரை. லாயக்காரரின் காலடிச் சத்தம் கேட்டால்தான் தண்ணீரில் வாய் வைப்பாள். ஒரு நாள் குதிரை டாக்டர் அவள் பின்புறத்தில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார், மைதானத்தில் ஓடவிட்டு நாடியை எண்ணினார், உதட்டைப் பிதுக்கினார்.

"கொழுப்பு ஓடாதுய்யா, மேல உக்காந்து சவாரி பண்ணும். ஓடுறது தசைதான். இவளுக்கு மூச்சு வாங்காம என்ன பண்ணும்?"

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒரு பரீட்சை, அதில் தேறாவிட்டால் அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

லாயக்காரர் அவள் தீனியைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த ஸ்கேனில் கொழுப்பு குந்திய இடத்தைவிட்டு அசையக் காணோம்; தசைதான் கரைந்திருந்தது. நாடி இன்னும் எகிறியது.

"உழைக்கிறவனைத் துரத்திட்டு, உக்காந்து திங்கிறவனை வெச்சிருக்கீங்க," என்றார் டாக்டர்.

பிறகு லாயக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். அவருடைய ஓட்டத்துக்கு மகாராணி நடந்தாலே போதுமாயிருந்தது. மாதக் கடைசியில் எட்டுக் கிலோ இளைத்தவர் அவர்தான். மனைவி அவருடைய கால்சட்டையைப் பிடித்துத் தைத்தபடி, பரீட்சைக்கு நீங்களே போயிடுங்க என்றாள்.

கடைசியில் சைக்கிளின் பின்னால் கொள்ளு வாளியைக் கட்டி மிதித்தார். மூன்றாம் சுற்றில் மகாராணி எட்டிப் பிடித்துக் கொள்ளையும் தின்றாள், சீட்டையும் தின்றாள். மறுநாளிலிருந்து அவர் நின்றுகொண்டே மிதித்தார். உயிர்மேல் ஆசை வைத்து மனுஷன் மிதித்த மிதிக்கு, அவளும் துரத்தித் துரத்தித் தேறிவிட்டாள்.

பரீட்சையன்று கொழுப்பு விரல்நகக் கனம்தான். ஓடி நின்ற கொஞ்ச நேரத்தில் நாடி, தூங்கும் குழந்தையாய் அடங்கியது. பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அப்புறம் இவளை எவன் அனுப்புவான்? இதோ, கையை மோந்து பாக்கிறா பாருங்க," என்ற லாயக்காரர், நீட்டிய கையை எடுக்காமலே நின்றார்.

வண்டிக்காரர் லாயக்காரரின் மனைவியிடம் போய், புல்லை மகாராணி அறையில் இறக்கட்டுமா என்று கேட்டார்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "மத்த குதிரைங்க அந்தப் பக்கம் அண்ணே, அங்கயே இறக்குங்க. இவ்வளவு நல்லா ஓடுறாளேன்னு பரீட்சையன்னிக்கே ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டார். அந்த அறை மூணு வருஷமா காலி."