கடைவாய்ப் பல்லும் ஐந்து நட்சத்திரமும்

"நாவல் எல்லாம் படிப்பீங்களா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் வாய்க்குள் பஞ்சு, உறிஞ்சு குழாய், சின்னக் கண்ணாடி எல்லாம் குடியிருந்தன. "ஆ... ஆ..." என்றார்.

"ரொம்ப சந்தோஷம். நானே ஒண்ணு எழுதி, நானே வெளியிட்டிருக்கேன். படிச்சுட்டு நெட்ல ரெண்டு வரி விமர்சனம் போட்டுடுங்க."

வாயைத் திறந்து வைத்திருக்கும் மனிதனால் எதையும் மறுக்க முடியாது என்பதை டாக்டர் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்.

பதினோரு வருஷம் எழுதிய நாவல். ஒரே படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு, இருபது வருஷமாகப் பேசிக்கொள்ளாத அக்கா தங்கையின் கதை. புத்தகத் தளத்தில் ஏற்றி மூன்று மாதமாகியும் ஒரு விமர்சனம்கூட விழவில்லை.

"நாலு பேர் நாலு வார்த்தை சொன்னாத்தான்ப்பா தளமே உங்க புத்தகத்தை மத்தவங்க கண்ணுல காட்டும். இல்லேன்னா அடியில போட்டு அமுக்கிடும்" என்று மகள் சொல்லியிருந்தாள்.

அதனால்தான் இந்த நாற்காலிப் பிரசாரம். அந்த வாரமே மகள் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, விமர்சனம் வந்திருக்கு. நாலு!"

"படி, படி!"

"'கொஞ்சங்கூட வலிக்கல. பத்தே நிமிஷத்துல முடிஞ்சுது.' அஞ்சு நட்சத்திரம்."

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

"அடுத்தது, 'ஊசி போட்டதே தெரியல. குடும்பத்தோட போகலாம்.' அப்பா, நாவல் பக்கம் முழுக்கக் கடைவாய்ப் பல்லா இருக்கு!"

டாக்டர் உடனே ரிசப்ஷனில் ஒரு தாளை ஒட்டினார்: 'கதையைப் பற்றி மட்டும் எழுதவும்.'

அதற்கும் பலன் இருந்தது. 'கதை பிரமாதம். ஹீரோ நல்லா நடிச்சிருக்கார்' என்று ஒருவர் எழுதினார். நாவலில் ஹீரோவே கிடையாது.

"வெளி ஆளுங்களைப் பிடிச்சா இப்படித்தான்" என்றாள் கணக்கு டீச்சரான மனைவி. "என் தம்பி நிஜமாவே படிச்சிருக்கான். அவனை எழுதச் சொல்லுங்க."

மச்சான் அரை மணி நேரத்தில் எழுதிவிட்டார். ஒரே ஒரு நட்சத்திரம்.

"ஏன்டா மச்சான், ஒண்ணுதானா?"

"என்ன அத்தான், ஒண்ணுன்னா முதல் ரேங்க் இல்லையா?"

"அது போகட்டும். 'தங்கச்சி படகைக் கொளுத்தற இடம் அட்டகாசம்'னு போட்டிருக்கியே! இனிமே எவன் படிப்பான்?"

மச்சானுக்கு மனசு தாங்கவில்லை. எழுதியதை அழித்தார். பரிகாரமாக, வீட்டிலிருந்த ஆறு போனிலிருந்தும் 'அருமையான நாவல், அனைவரும் வாசிக்கவும்' என்று வரிசையாகத் தட்டிவிட்டார்.

தளத்துக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். ஆறையும் போலி என்று தூக்கினார்கள். இன்னொரு முறை நடந்தால் புத்தகத்தையே தூக்குவோம் என்று கடிதமும் வந்தது. பல் விமர்சனங்கள் மட்டும் உண்மையானவை என்று தேறி, பக்கத்தின் உச்சியில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டன.

இந்தக் கூத்துக்கு நடுவில் முன்பின் தெரியாத யாரோ மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். 'நடுவில் நூறு பக்கம் இழுவை. ஆனால் மழையில் நனையும் தங்கைக்கு அக்கா ஒரு வார்த்தை பேசாமல் குடையை நீட்டும் இடத்தில், புத்தகத்தை மூடிவிட்டு என் அக்காவுக்குப் போன் செய்தேன்.'

டாக்டர் அதை ஒன்பது தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நூறு பக்கம்னு சொல்றது அநியாயம் இல்ல?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஆமா, எண்பத்தி மூணுதான்" என்றாள். சொல்லிவிட்டு, அவர் தோளில் கை வைத்து அவளும் ஒரு தடவை படித்தாள்.

அப்புறம் கிளினிக்கில் கூட்டம் அலைமோதத் தொடங்கியது. நாற்காலி கொள்ளவில்லை, செருப்பு வைக்க இடமில்லை. பல் விமர்சனத்தின் மகிமை என்று டாக்டருக்குப் புரிந்துபோனது. விமர்சனங்கள் நன்றாகத்தான் வேலை செய்திருக்கின்றன, என்ன, வேறு ஆளுக்காகச் செய்திருக்கின்றன.

வந்தவர்களுக்குப் பல்லில் கோளாறு ஏதாவது இருந்திருந்தாலாவது பரவாயில்லை.

"பல்லெல்லாம் பாறாங்கல் மாதிரி இருக்கு. எதுக்கு வந்தீங்க?"

"சும்மா டாக்டர்... ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னு." சொன்னவர் எழுந்திருக்க மனமில்லாமல் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இப்படி ஐந்தாவது ஆள். டாக்டர் கையுறையை உருவிப் போட்டுவிட்டு ரிசப்ஷனுக்கு வந்தார்.

"அம்மா, கம்ப்யூட்டரைத் திறங்க. புத்தகத்தைத் தளத்திலேருந்து எடுத்துடலாம்."

"ஏன் டாக்டர்?" என்றார் ரிசப்ஷனில் இருந்த அம்மாள்.

"பதினோரு வருஷம் ராப்பகலா எழுதி, கடைசியில என் கிளினிக்குக்கு விளம்பரம் பண்ணியிருக்கேன். போதும்மா." எடுக்கும் பொத்தான் மேல் விரலைக் கொண்டுபோய்விட்டார்.

அந்த அம்மாள் டோக்கன் நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:

"எடுக்கறதுன்னா எடுங்க டாக்டர், ஆனா வெளியில உக்காந்திருக்கிற பதினாலு பேருக்கும் பல்லுல ஒண்ணும் இல்லையாம், புத்தகத்துல நீங்க சொல்லாமலே முடிச்சுட்டீங்களாம், அந்த அக்காவும் தங்கச்சியும் கடைசியில பேசிக்கிட்டாங்களா இல்லையான்னு உங்க வாயாலயே கேட்டுட்டுத்தான் போவாங்களாம்."