என் ஆல்பத்தின் பன்னிரண்டு கெஸ்ட் ராப்பர்கள்

ஒப்புக்கொள்கிறேன். ராப் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், கெஸ்ட் என்றால் யார் என்றும் தெரியும். கெஸ்ட் ராப்பர் என்றால் யார் என்பதில்தான் கடைசிவரை குழப்பம்.

இரண்டாயிரங்களின் நடுவில், துபாய் அல் கூஸில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். டியூட்டி முடிந்ததும் பழைய கம்ப்யூட்டரில் பீட் போடுவேன். (சுவரை இடிக்கிறான் என்று பக்கத்து ரூம்காரர்கள் லேபர் கேம்ப் ஆபீஸில் புகாரே கொடுத்திருக்கிறார்கள்.) எட்டுப் பாட்டு சேர்ந்ததும் முதல் ஆல்பம் போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டேன். ஹிப் ஹாப் புரொட்யூசர் பாட வேண்டியதில்லை, கெஸ்ட் ராப்பரை வைத்துப் பாடவைக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கிடைத்தவன் நிஷான். மட்டக்களப்புக்காரன், பர் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பால் அடுக்கிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் நிற்காது.

"எனக்கு ஒண்டும் வேணாம் மச்சான். கவர்ல என்ட பேர் இருந்தாச் சரி. அம்மாக்கு அனுப்போணும்," என்றான்.

ரெக்கார்டிங் எங்கள் ரூமில்தான். மைக்கில் இரைச்சல் விழும் என்று ஏசியை நிறுத்தினோம். ஆகஸ்ட் மாதம். பன்னிரண்டு பேர் தங்கும் ரூம். கடைசிப் பாட்டு முடிந்தபோது, எங்கள் ஃபோர்மேன் செல்லத்துரை அண்ணன் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"ஏம்ப்பா, மூணு வெள்ளிக்கெழமையா மூச்சுக் காட்டாம வெந்துக்கிட்டுக் கெடந்திருக்கோம். கவர்ல எங்க பேரு வராதா?"

நியாயம்தானே? கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பேர் விட்டுப்போனால் குடும்பமே ரெண்டுபடும் ஊர்க்காரன் நான். ரூமில் என்னோடு இருந்த பதினொரு பேரையும், மெஸ் சமையல்காரர் உட்பட, சேர்த்தேன். எங்கே போடுவது? கவரில் 'கெஸ்ட் ராப்பர்ஸ்' என்று ஒரே தலைப்புதான் இருந்தது. அதற்குக் கீழேயே போட்டேன், பத்திரிகை முறைப்படி வயதில் மூத்தவர் முதலில். செல்லத்துரை அண்ணன் ஒன்று. இருபத்திரண்டு வயது நிஷான் பன்னிரண்டு. (மரியாதை தெரிந்தவன் என்று எனக்கு என் மேலேயே ஒரு பெருமை வேறு.)

வெள்ளிக்கிழமை மதியம், கேம்ப் மெஸ்ஸில் வெளியீடு. நிஷான் கவரைப் பார்த்தான்.

"என்ன இது மச்சான்? சமையல்காரருக்குக் கீழ என்ட பேர் கிடக்கு. அவர் எந்தப் பாட்டுப் பாடினவர்?"

எனக்கும் தெரியவில்லை. "உன்னைவிட எட்டு வயசு மூத்தவருடா," என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "இத நான் எப்பிடி அம்மாக்கு அனுப்புற?" என்று சிடியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

அதற்குள் உள்ளே, "முதல் கெஸ்ட் ராப்பர், செல்லத்துரை அண்ணன்!" என்று மைக்கில் அழைத்துவிட்டார்கள். பீட் வேறு ஓட ஆரம்பித்துவிட்டது. அண்ணனுக்கு ராப்பும் தெரியாது, பாட்டும் தெரியாது. தினமும் காலையில் சைட் பஸ் வாசலில் ஆள் கூப்பிடுவார், அது ஒன்றுதான் தெரியும். கவரைப் பார்த்து அதையே ஆரம்பித்தார்.

"முருகேசா! ஏறியாச்சா? யல்லா, யல்லா!"

"ஏறியாச்சு!" என்று மெஸ்ஸே அதிர்ந்தது.

கேம்ப் கேட்டில் நின்ற எனக்கு, ஓடுவது என் பாட்டுதானா என்றே புரியவில்லை. ஒவ்வொரு பேராக வந்து, கடைசிப் பேரில் நின்றது.

"நிஷான்! ஏறியாச்சா? நிஷான்! தம்பி வராம பஸ்ஸ எடுக்க மாட்டேம்ப்பா!"

நிஷான் என்னை ஒரு முறை முறைத்தான். பிறகு திரும்பி ஓடினான். மைக்கைப் பிடுங்கி, மூச்சுவிடாமல் பாடித் தீர்த்தான். மொத்த மெஸ்ஸும் எழுந்து நின்றது. சமையல்காரர் கரண்டியோடு ஆடினார்.

"தம்பி பேரு மட்டும் போடுப்பா," என்று அண்ணனே சொல்லிவிட்டார். மறுநாளே கவரை மாற்றி, நிஷான் பேரை மட்டும் பெரிய எழுத்தில் போட்டேன். மட்டக்களப்புக்கு ஒரு சிடி போனது. அவன் அம்மா அதை எல்லோருக்கும் காட்டினார்களாம். அவசரத்தில் என் பேரைப் போட மறந்திருக்கிறேன் என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது.

சென்ற வருடம் அந்த சிடியை என் மகள் அலமாரியிலிருந்து எடுத்தாள். "அப்பா, ஹூ இஸ் நிஷான்?"

"இது அப்பா போட்ட ஆல்பம்மா," என்றேன். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, என் மனைவியைப் பார்த்தாள். இருவரும் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. போன வாரம் விருந்தாளிகள் முன்னால், ரசம் நான் வைத்தது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"கவர்ல பேரு இருக்கா?" என்றாள் மனைவி.